போக்குவரத்துக் குற்ற வழக்கு: சம்மன் வந்த நாளிலிருந்து தீர்ப்பு நகல் வாங்கும் வரை

ஹெல்மெட் போடாததற்கு வரும் அபராதச் சீட்டும், விபத்தில் ஒருவர் இறந்துபோனதால் வரும் வழக்கும் நம் பேச்சில் ஒரே பெயரில்தான் ஓடுகின்றன: ட்ராபிக் கேஸ். இரண்டுக்கும் ஒரே தீர்வாக "கோர்ட்டுல ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தினமும் வழக்காடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அபராதத்தைவிட இந்த ஒரு பேச்சுதான் பலருக்கு அதிகச் சேதம் செய்திருக்கிறது. தன்மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமலே கூண்டில் நின்று "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அலறிக்கொண்டு வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வழக்குகள் எப்படித் தொடங்கி எப்படி முடிகின்றன என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: தாளைப் படிப்பது

கையில் கிடைத்தது சலானா, சம்மனா, காவல் நிலைய நோட்டீஸா என்று பாருங்கள். அதில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988 மட்டும் இருந்தால் ஒரு வழி. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பிரிவு ஒன்றாவது இருந்தால் வேறு வழி. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338, 304-ஏ பிரிவுகள் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து நடந்தவற்றுக்கு 281, 125, 106 என்று வரும்.

குற்ற எண், காவல் நிலையத்தின் பெயர், வருடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டதும் எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்று தொடங்கும் வழக்கு எண் தருவார்கள். 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். "சம்மனே வரல, எப்படி வாரண்ட் வந்துச்சு?" என்று கேட்பவர்களில் பலர் வீடு மாறியிருப்பார்கள், உரிமத்தில் பழைய முகவரி இருக்கும். அதனால் சம்மன் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: சலான் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்காதீர்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்க வரும் மோசடி. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை நேரடியாகப் போட்டுப் பாருங்கள்.

நீதிமன்றம் போகாமலே முடிபவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு, சில குற்றங்களைப் பணம் கட்டி அங்கேயே தீர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000, காப்பீடு இல்லாத வண்டிக்கு முதல் முறை 2,000. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏறிய இந்தத் தொகைகள், 2022 அக்டோபரில் வந்த அரசாணைக்குப் பின் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. பணம் கட்டியதும் வழக்கு அத்தோடு சரி. ஆனால் அதே குற்றத்தை மறுபடி செய்தால், முன்பு கட்டியதும் முதல் குற்றமாகக் கணக்கில் வரும்.

தப்பான சலான் என்றால் அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். வண்டி எண்ணைத் தவறாகப் பதிந்து, கோயம்புத்தூரில் நிற்கும் வண்டிக்குச் சென்னையில் சலான் வருவதெல்லாம் நடக்கிறது. சலானில் இருக்கும் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஆட்சேபம் தெரிவியுங்கள். ஏற்கவில்லை என்றால் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதிவேகம், ஆபத்தாக ஓட்டியது ஆகிய 183, 184 குற்றச்சாட்டுகளில் பலர் கவனிக்காத 209-ஆம் பிரிவையும் பாருங்கள். சம்பவ இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாட்களுக்குள் சம்மன் கொடுத்திருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு

பிரிவு 185-ல் ஸ்பாட் ஃபைன் என்பதே கிடையாது. 200-ஆம் பிரிவின் பட்டியலில் அது இல்லாததால் நடுவர்தான் முடிக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000, அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாருக்கும் ஃபைன்தான்" என்று நம்பிப் போகாதீர்கள். சிறை என்பது நடுவரின் கையில் எப்போதும் இருக்கும் அதிகாரம்.

ஊதும் கருவி ஒரு சின்னச் சீட்டு தரும். அதில் அளவு, நேரம், கருவியின் எண் எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அளவையும் நேரத்தையும் படியுங்கள். முடிவு தவறு என்று உறுதியாக நம்பினால், அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லி அங்கேயே கேளுங்கள், மறுநாள் கேட்டுப் பயனில்லை. இந்தப் பிரிவில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு சொல்கிறது. கூட வந்தவர் குடிக்காதவராக, உரிமம் உள்ளவராக இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம்.

உரிமம் தனிக் கதை. போலீஸார் அதை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். தற்காலிகமாக முடக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அந்த நோட்டீஸுக்குக் கட்டாயம் எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு 10,000 ரூபாயைவிட இதுதான் பெரிய அடி.

பிள்ளை கையில் வண்டி

பெற்றோர் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், 199-ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்தான் குற்றவாளி. 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சாவி எங்கே இருந்தது, இதற்கு முன் ஓட்டியிருக்கிறானா என்பதெல்லாம் விசாரணையில் வரும். பிள்ளையின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், உங்கள் வழக்கு நடுவர் நீதிமன்றத்துக்கு வரும்.

விபத்து வழக்கு: முதல் இரண்டு நாள்

யாருக்கேனும் காயமோ மரணமோ ஏற்பட்டால், ஓட்டுநர் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், முடிந்தவரை விரைவாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. கூட்டம் திரண்டு அடிக்க வரும் நிலையில் காயம்பட்டவரைத் தூக்கிப் போக முடியவில்லை என்றால் அதைச் சட்டமே ஏற்கிறது. அந்தச் சூழலில் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பி.என்.எஸ். 106(2), சொல்லாமல் ஓடிப்போகிறவருக்கு 10 வருடம் வரை தண்டனை என்கிறது. லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு அந்த உட்பிரிவை மட்டும் 2024 ஜூலை 1-ல் அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதனால் ஓடலாம் என்று அர்த்தமில்லை. ஓடிய ஓட்டுநரை நம்பும் நடுவர் குறைவு.

முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். வெறும் அசட்டையாக ஓட்டியது என்றால் 281, தண்டனை 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். காயம் என்றால் கூடவே 125(ஏ), எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் 125(பி). பின்னதில் 3 வருடம் வரை போகும். மரணம் என்றால் 106(1), 5 வருடம் வரை சிறையும் அபராதமும். பழைய 304-ஏ-யில் உச்சமே 2 வருடம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இவை எல்லாமே ஜாமீனில் விடத்தக்கவை. அதாவது ஸ்டேஷன் பெயில் உங்கள் உரிமை, அதற்கு யாருக்கும் எதுவும் தரத் தேவையில்லை. அடையாள அட்டையும் ஜாமீன்தாரும் இருந்தால் போதும். குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றதாகச் சொல்லும் வழக்குகளில் சில சமயம் பி.என்.எஸ். 105-ஆம் பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், போடுகிறார்கள். அது ஜாமீனில் விட முடியாதது, செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போவது. அந்த எண்ணைப் பார்த்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்தது வண்டி. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக், ஸ்டியரிங், டயர் பார்த்து அறிக்கை தருவார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி, ஆய்வுக்கான நடைமுறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். தராமல் இழுத்தால் நடுவரிடம் மனு போடலாம். நிலையத்து வாசலில் வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஒரே ஒரு தடை, காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி காயமோ மரணமோ ஏற்படுத்தியிருந்தால், இழப்பீட்டுக்கு ஈடு காட்டாமல் அது வெளியே வராது.

குற்றப்பத்திரிகையை வாசிப்பது

விசாரணை முடிந்ததும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். அதன் நகல்கள் உங்களுக்கு இலவசம். பலர் கட்டைக் கையில் வாங்கி அப்படியே பையில் போட்டுவிடுகிறார்கள். வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முதலில் ரஃப் ஸ்கெட்சை, அதாவது விபத்து நடந்த இடத்தைப் போலீஸார் வரைந்த படத்தை, விரித்து வையுங்கள். வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி இருக்கும். சாலையின் அகலம், மண் பாதை, மின் கம்பம், விபத்து நடந்த இடம் என்று ஒரு குறி. அந்தக் குறி சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வண்டி கிழக்கிலிருந்து மேற்கே போனதாக முதல் தகவல் அறிக்கை சொல்கிறது, ஆனால் குறி சாலையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது என்றால், மேற்கு நோக்கிப் போகிறவருக்கு வடக்கு வலப்பக்கம். அப்படியானால் அவர் எதிர்த்தடத்தில் வந்தார் என்றுதான் வரைபடம் சொல்கிறது. அதே குறி தெற்கு ஓரத்தில் இருந்தால், எதிரே வந்தவர்தான் தடம் மாறியிருக்கிறார். பிரேக் தடம் வரையப்பட்டிருக்கிறதா, எவ்வளவு நீளம்? பிறகு, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரை எடுத்து, இதே விவரங்கள் அதிலும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். இரண்டையும் எழுதியவர் ஒரே அதிகாரியாக இருந்தும் முரண்பாடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. "இயந்திரக் கோளாறால் ஏற்பட்ட விபத்து அல்ல" என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சேதம் எங்கே என்று பாருங்கள். நீங்கள் பின்னால் மோதியதாக வழக்கு இருக்க, உங்கள் வண்டியின் முன்பக்கம் கீறல்கூட இல்லை என்றால் அது பெரிய விஷயம். கடைசியாக மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல். காயம்பட்டவரோ கூட வந்தவரோ மருத்துவரிடம் முதன்முதலில் சொன்னது அதில் இருக்கும். "பைக்கில் வழுக்கி விழுந்தார்" என்று அங்கே எழுதியிருந்து, மறுநாள் புகாரில் கார் முளைத்த வழக்குகள் உண்டு.

முதல் வாய்தா

காலை 10 மணிக்கே போய்விடுங்கள். கோர்ட் காவலரிடம் குற்ற எண்ணைச் சொன்னால் பட்டியலில் எத்தனையாவது என்று சொல்வார். நீதிமன்ற ஊழியரான டவாலி பெயரைக் கூப்பிடும்போது உள்ளே இல்லை என்றால் வாரண்ட் போட வாய்ப்பிருக்கிறது. வர முடியாத நாளில் வழக்கறிஞர் மூலம் மனுப் போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து இன்னும் "317 மனு" என்றுதான் சொல்கிறார்கள், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355. பிடியாணை வந்துவிட்டால் பதுங்காதீர்கள். நீங்களாகவே ஆஜராகி அதைத் திரும்பப் பெற மனுக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். போலீஸ் பிடித்து வந்தால் அதே நடுவரின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தருவார்கள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" வெறும் மோட்டார் வாகனச் சட்ட வழக்கு, தவறும் செய்தது உண்மை என்றால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதில் தவறில்லை, அன்றே முடியும். பி.என்.எஸ். பிரிவு இருந்தால் நில்லுங்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு, வெறும் 1,000 ரூபாய் கட்டினாலும் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். அந்தத் தீர்ப்பு நகல்தான் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் கவனக்குறைவுக்குச் சான்றாக வரும். தண்டனையின் அளவு, அது சட்டப்படி செல்லுமா என்பது ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடும் செய்ய முடியாது. யோசிக்க நேரம் வேண்டும், வழக்கறிஞரிடம் பேச வேண்டும் என்று நடுவரிடம் கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

சமரசம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை

காய வழக்குகளில் 125(ஏ), 125(பி) இரண்டையும் காயம்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். சமரசத்துக்கு விடுதலையின் பலன் உண்டு. மக்கள் நீதிமன்றம் இதற்கு நல்ல இடம். ஆனால் 281 சமரசப் பட்டியலில் இல்லை. அந்தப் பிரிவுக்காக வழக்கு நிற்கும், அல்லது முழு வழக்கையும் ரத்து செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டியிருக்கும்.

மரண வழக்கில் சமரசமே கிடையாது. இறந்தவர் வீட்டுக்குப் பணம் கொடுத்து, பத்திரத்தில் எழுதி வாங்கி, "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்று நம்பி வாய்தாவுக்கு வராமல் இருந்து வாரண்டில் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு உதவுவது நல்ல காரியம், செய்யுங்கள். அது வழக்கை முடிக்காது. அந்தக் குடும்பத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இழப்பீடு என்பது தனி மனு, தனித் தீர்ப்பாயம், குற்ற வழக்கு முடியக் காத்திருக்கத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166(3) ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால் உடனே தாக்கல் செய்யுங்கள்.

விசாரணை

106(1), 125(பி) இரண்டும் 2 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ளவை என்பதால் இப்போது அவை "வாரண்ட் வழக்கு" எனப்படும் விரிவான விசாரணை முறையில் நடக்கின்றன (பிடியாணை என்ற பொருளில் அல்ல). இதில் ஒரு நன்மை உண்டு. நகல்கள் கிடைத்த 60 நாட்களுக்குள், நடுவர் குற்றச்சாட்டை முறையாக எழுதிப் பதியும் (வனையும்) முன்பே, விடுவிக்கக் கோரி மனுப் போடலாம். ஆவணங்களிலேயே ஓட்டை இருந்தால் இந்த வாய்ப்பை விடாதீர்கள்.

அரசுத் தரப்பு மூன்றை நிரூபிக்க வேண்டும்: ஓட்டியது நீங்கள்தான், ஓட்டியது அசட்டையாக அல்லது கவனக்குறைவாக, காயமோ மரணமோ அதனால்தான் வந்தது. சாட்சிகள் பெரும்பாலும் "அதிவேகமாக, அஜாக்கிரதையாக" என்று மனப்பாடம்போல் சொல்வார்கள். வேகம் என்ற சொல் மட்டும் போதாது, எந்தச் சூழலில் எது அசட்டை என்று சாட்சியம் காட்ட வேண்டும் என்று 1998-ல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "நீங்கள் எங்கே நின்றீர்கள்? சத்தம் கேட்டுத் திரும்பினீர்களா, அதற்கு முன்பே பார்த்தீர்களா?" என்ற குறுக்குக் கேள்வியில் பாதிச் சாட்சிகள் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருப்பார்கள்.

அரசுத் தரப்பு முடிந்ததும் நடுவர் உங்களிடமே கேள்விகள் கேட்பார். "பொய்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் பக்கம் உண்மை இருந்தால், எதிரே வந்தவர் திடீரென்று திரும்பினார் என்பதை உங்கள் வாயால், சுருக்கமாக, அங்கே சொல்லுங்கள். சிசிடிவி பதிவு இருந்தால் உங்கள் தரப்புச் சான்றாகக் கொண்டுவாருங்கள். கடைகளில் பழைய பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், எனவே விபத்து நடந்த வாரத்திலேயே நகல் வாங்கியிருக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

தண்டனை என்றால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு. ஜாமீனில் இருந்தவருக்கு 3 வருடத்துக்கு மிகாத சிறை என்றால், மேல்முறையீடு செய்யும் வரை தண்டனையை நிறுத்திவைக்க அதே நடுவரிடமே அன்றே மனுக் கொடுக்கலாம். ஜாமீன்தாரை அன்று கூடவே அழைத்துப் போங்கள். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் நன்னடத்தைச் சட்டத்தின் பலனைச் சிறு வழக்குகளில் கேட்கலாம், மரண வழக்குகளில் அதைத் தரக் கூடாது என்பதே 2000-ல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நிலை.

விடுதலை என்றாலும் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று இருந்தால், தமிழ்நாடு காவல் துறைத் தேர்வு விதிகளில் அதைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். மகனோ மகளோ அந்த வேலைக்குத் தயாராகிறார்கள் என்றால், வாதத்தின்போதே இதை வழக்கறிஞரிடம் சொல்லிவையுங்கள்.

கடைசி வேலைகள் சில. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்குங்கள். ஜாமீன்தார் கொடுத்த அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறுங்கள். பழைய வாரண்ட் ஏதும் இருந்திருந்தால் அது திரும்பப் பெறப்பட்ட தகவல் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இ-கோர்ட்ஸில் வழக்கு முடிந்ததாகக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து, நகலோடு சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் காவலர் கேட்பது இந்த இரண்டு தாளைத்தான்.